தம்பி தத்துவம் படிக்கணுங்கிறான், சம்மதிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு. பாலிடெக்னிக்ல அக்கௌண்டன்சி படிச்சிட்டு ஒரு கம்பெனியில கணக்குப் பார்க்கிறேன். அப்பா தவறிட்டாங்க, அம்மாவுக்கு உடம்புக்கு முடியல, வீட்டுச் செலவு முழுக்க என் கையிலதான். தம்பிக்கு என்எஸ், அதான் தேசிய சேவை, முடியப் போகுது. ஜூனியர் காலேஜ் முடிச்சப்பவே கம்ப்யூட்டிங்ல சீட் கிடைச்சு அவனுக்காக வச்சிருக்காங்க. இப்ப அது வேணாம், என்யுஎஸ்ல (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) சிஎச்எஸ்ங்கிற கலை, அறிவியல் கல்லூரியில சேர்ந்து தத்துவமும் வரலாறும் படிக்கப் போறேன், மறுபடி அப்ளை பண்றேன்னு நிக்கிறான். அந்த மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் படிப்புக்குன்னே இருந்த யேல்-என்யுஎஸ் காலேஜையே மூடிட்டாங்க, ஏஐ வந்து இருக்கிற வேலையே போகுது, இதெல்லாம் வசதியானவங்க வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறதுன்னு சொன்னேன், அன்னையிலேருந்து முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறான். எனக்கும் ஒரு காலத்துல தமிழ் இலக்கியம் படிக்க ஆசை, அப்பா அது சோறு போடுமான்னு கேட்டாங்க, விட்டுட்டேன். நான் கேட்டது தப்பா?
ஈசூன் வாசகி

பதில்: கேட்டது தப்பே இல்ல தங்கச்சி. மாசக் கடைசியில பில்லு கட்டுறவங்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதல்ல வரும், வரணும். ஆனா 'வசதியானவங்க வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒண்ணை மட்டும் என்னால ஒத்துக்க முடியல, அதனால அங்கேருந்தே வர்றேன்.

1950கள்ல மலாயாப் பல்கலைக்கழகம் நம்ம சிங்கப்பூர்லதான் இருந்துச்சு. அங்க இந்திய இயல் துறை ஆரம்பிக்கப் போறாங்கன்னதும் அதுல தமிழுக்கு என்ன இடம்னு பெரிய வாக்குவாதம். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்'னு ஒரு நிதி ஆரம்பிச்சு ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், குடுங்கன்னு கேட்டார். குடுத்தவங்க யாரு? கூலி வேலை பார்த்தவங்க, தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் எடுத்தவங்க, சின்னச் சின்னக் கடை வச்சிருந்தவங்க, இவங்கதான். அன்னைக்கு ஒரு வெள்ளிங்கிறது அவங்களுக்கு லேசான காசு இல்ல. அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பல்கலைக்கழக வாசலை மிதிச்சிருக்கவே மாட்டாங்க, ஆனா தன் ஜனத்துப் பிள்ளைங்க அங்க போய் இலக்கியமும் வரலாறும் படிக்கணும்னு நினைச்சாங்க. அவங்க யாரும் இது சோறு போடுமான்னு கேக்காம இல்ல, சோத்துக்கு வழி பண்ணிக்கிட்டேதான் அதையும் செஞ்சாங்க. இந்தக் கதையை உங்க தம்பிக்குச் சொல்லுங்க, உங்களுக்கும் சொல்லிக்குங்க. இப்படி யோசிக்கிற படிப்பு நமக்கு எட்டாததுன்னு நாமளே ஒதுங்கிக்கிட்டா, அப்புறம் எல்லா முடிவும் எடுக்கிற இடத்துல வேற யாரோதான் உக்காந்திருப்பாங்க, நம்ம பிள்ளைங்க அவங்க சொன்னதைச் செஞ்சு குடுத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்கு அதுதான் தாங்கல.

யேல்-என்யுஎஸ் மூடினதைச் சொல்றீங்க. உண்மைதான், 2013ல முதல் பேட்ச் சேர்ந்துச்சு, 2021 ஆகஸ்ட்ல மூடப் போறோம்னு அறிவிச்சாங்க, 2025ல கடைசி பேட்ச் வெளிய வந்துருச்சு. அங்க படிச்ச பிள்ளைங்களுக்கு அது பெரிய வருத்தம், அந்த வருத்தம் நியாயமும்கூட. ஆனா அதே 2021லதான் என்யுஎஸ்ல கலைப் பிரிவையும் அறிவியல் பிரிவையும் சேர்த்து, உங்க தம்பி போகணுங்கிற அதே சிஎச்எஸ்ஸை ஆரம்பிச்சாங்க. அங்க தத்துவம் எடுத்தாலும் கெமிஸ்ட்ரி எடுத்தாலும் எல்லாரும் பொதுவா 13 பாடம் படிச்சாகணும், மொத்தப் படிப்புல சுமாரா மூணுல ஒரு பங்கு அதுவே. எழுதுறது, தரவுகளைப் படிச்சுப் புரிஞ்சிக்கிறது, அறிவியல்ல எப்படி ஆராய்றாங்க, ஆசியாவைப் பத்தி, ஏஐ பத்தி எல்லாம் அதுல வருது. என்டியுலயும் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) அதே வருஷம் எல்லாத் துறைக்கும் பொதுப் பாடங்கள் கொண்டு வந்தாங்க. சின்ன காலேஜ் ஒண்ணு போச்சு, ஆனா பல துறையும் தொட்டுப் படிக்கிற அந்த முறை இன்னும் ரொம்பப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு.

இன்னொண்ணு, இந்தப் படிப்புன்னாலே கதை கவிதைன்னு நிறையப் பேர் நினைச்சுக்கிறாங்க. ஐரோப்பாவுல பழைய காலத்துல லிபரல் ஆர்ட்ஸ்னு வகுத்து வச்ச ஏழு கலையில இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூணு போக மிச்சம் நாலு என்னன்னா எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். கணக்கு இல்லாம அந்தப் படிப்பே இருந்ததில்ல. சிஎச்எஸ்ல தத்துவத்தோட புள்ளியியலை ரெண்டாவது மேஜரா எடுக்க வழி இருக்கு, கம்ப்யூட்டிங் சீட் வாங்குற அளவுக்கு கணக்கு வர்ற பையன் அதை ஏன் விடணும், அதையும் கேளுங்க அவன்கிட்ட.

இப்ப சம்பளம். இதுல நான் பூசி மெழுக மாட்டேன். வருஷா வருஷம் வர்ற பட்டதாரி வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பைப் பார்த்தா, கம்ப்யூட்டிங் முடிச்சவங்களோட ஆரம்பச் சம்பளம் கலைப் படிப்பு முடிச்சவங்களைவிட நல்லா கூடத்தான் இருக்கு, அந்த வித்தியாசம் உங்க வீட்டுக்குப் பெருசுதான். ஆனா அந்தக் கணக்கு கடைசிப் பரீட்சை முடிஞ்சு ஆறு மாசத்துல எடுக்கிறது, பத்து வருஷம் கழிச்சு அவன் எங்க இருப்பான்னு அது சொல்லாது. அதுவுமில்லாம 2023ல முழுநேர நிரந்தர வேலை கிடைச்சவங்க 84.1 சதவீதம், 2024ல 79.5 ஆயிருச்சு, எல்லாப் படிப்பும் சேர்த்துத்தான் சொல்றேன். எதை எடுத்தாலும் வேலை உறுதிங்கிற காலம் இப்ப இல்ல.

நான் ரொம்ப காலம் ஆள் எடுக்கிற வேலையில இருந்தவ. சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க, சர்ட்டிபிகேட் அடுக்கி வச்சிருக்கிறவங்க நிறைய வருவாங்க, அவங்களுக்குக் குறைச்சலே இல்ல. ரெண்டு டிபார்ட்மெண்ட் சண்டை போட்டு எழுதின இருபது ஈமெயிலைக் குடுத்து, இதுல என்னதான் பிரச்சினை, யார் சொல்றதுக்கு ஆதாரம் இருக்கு, நம்ம கஸ்டமருக்கு என்ன பதில் எழுதணும்னு கேட்டா ஒரு பக்கத்துல தெளிவா எழுதிக் குடுக்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். அந்தத் திறமை ஒரு கோர்ஸ்ல வர்றதில்ல. புரியாத பழைய கட்டுரையை நாலு தடவை படிச்சு, எழுதிக்கிட்டுப் போய், டுடோரியல்ல இதுக்கு என்ன ஆதாரம், எதிர்த்தரப்பு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டு அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் போட்டு, திரும்ப வந்து எழுதி, அப்படி மூணு நாலு வருஷம் போனாத்தான் வரும்.

ஏஐ பத்திக் கவலைப்படுறீங்க, அது ரெண்டு பக்கமும் வெட்டுது. தொடக்க நிலை கோடிங்ல பெரும் பங்கை இன்னைக்கு அதுவே எழுதிக் குடுக்குது, அதனால கம்ப்யூட்டிங் மட்டும் பத்திரம்னு நினைக்காதீங்க. அது எழுதினது சரியா, யாரைப் பாதிக்கும், இதைச் செய்யத்தான் வேணுமான்னு பார்க்க ஆள் வேணும், அங்க தத்துவமும் வரலாறும் படிச்ச மூளைக்கு வேலை இருக்கு. ஆனா அதே ஏஐ தத்துவக் கட்டுரையையும் ரெண்டு நிமிஷத்துல எழுதிரும். உங்க தம்பி அதை வச்சே எழுதி சப்மிட் பண்ணிக்கிட்டுப் போனான்னா அவன் நாலு வருஷமும் உங்க காசும் தண்டம், கம்ப்யூட்டிங்கே படிச்சிருக்கலாம்னு நானே சொல்லுவேன். இந்தப் படிப்போட பலன் முழுக்க அவன் படுற பாட்டுலதான் இருக்கு.

அதனால அவனை உக்கார வச்சு, என்ன வேலைக்குப் போவேன்னு கேக்காதீங்க, இருபத்தொரு வயசுல அதுக்கு யாருக்கும் பதில் தெரியாது. என்எஸ்ல இருந்தப்ப என்ன படிச்சே, எந்தப் பாடமெல்லாம் பார்த்து வச்சிருக்கே, அங்க படிக்கிற சீனியர் யார்கிட்டயாவது பேசினியா, லீவுல எந்த மாதிரி இன்டர்ன்ஷிப் போவேன்னு கேளுங்க. தடையில்லாம பதில் வந்துச்சுன்னா விடுங்க, அவன் நல்லா வருவான். கம்ப்யூட்டிங் கஷ்டமா இருக்கும்னு பயந்துதான் இந்தப் பக்கம் வர்றான்னு தெரிஞ்சா அழுத்திப் பேசுங்க.

பணத்தை நீங்க ஒத்தையா சுமக்க வேண்டியதில்லம்மா. கல்வியமைச்சோட டியூஷன் ஃபீ லோன் 90 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், படிக்கிற காலத்துல வட்டி கிடையாது, அவன் பேர்லதான் கடன், வேலைக்குப் போய் அவனே கட்டட்டும். உங்க வீட்டு வருமானத்துக்கு பர்சரிங்கிற உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பிருக்கு, யுனிவர்சிட்டி நிதியுதவி அலுவலகத்துல கேளுங்க. அக்கா காசு கட்டினா, அவன் என்ன படிக்கிறான்னு கேள்வி கேக்கிற உரிமையும் அக்காவுக்குத்தாங்கிற மாதிரி ஆயிருது, கடன் அவன் பேர்ல இருந்தா ரெண்டு பேருக்கும் மூச்சு விட இடம் இருக்கும்.

அப்புறம் உங்க ஆசை. கடைசியில போற போக்குல எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு. எஸ்யுஎஸ்எஸ்ல (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) தமிழ் மொழி இலக்கியத்துல பிஏ பகுதிநேரமா இருக்கு, வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம். 29 வயசு ஒண்ணும் அதிகமில்ல. தம்பிக்கு மட்டும் கதவு திறந்துவிட்டுட்டு நீங்க வெளிய நிக்க வேணாம், இப்ப முடியலைன்னா அம்மா உடம்பு தேறினப்புறம் பாருங்க, விண்ணப்ப விவரத்தையாவது இப்பவே எடுத்து வச்சுக்குங்க.

ஒரு அவசரம் மட்டும் இருக்கு. மறுபடி அப்ளை பண்ணி புது இடத்தை ஏத்துக்கிட்டா கம்ப்யூட்டிங் சீட் என்ன ஆகும், எப்ப வரைக்கும் முடிவை மாத்தலாம்னு தம்பியை விட்டு அட்மிஷன் ஆபீஸ்க்கு ஈமெயில் அனுப்பச் சொல்லுங்க. பதில் எழுத்துல வர்ற வரைக்கும் கையில இருக்கிற சீட்டை விட வேணாம்.