எல்லாச் செக்கும் ஒரே செக்தானா?

கேள்வி: பேங்க் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்குச் செக், செக் ஷர்ட், மெடிக்கல் செக்-அப். நாலும் ஒரே சொல்லா? பேங்க் செக்குக்கு மட்டும் ஏன் வேறு ஸ்பெல்லிங்? (வாசகர், கரூர்)

பதில்: நாலும் ஒன்றுதான். வேர், அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல் 'ஷா'. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று எச்சரிப்பார்கள். ஆட்டத்தோடு அந்தக் குரலும் அரபு வழியே ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் செக் ஆனது. செஸ் என்ற பெயரும் அதன் பன்மையிலிருந்து வந்ததே.

'ஷா மாத்'தான் செக்மேட். 'அரசன் இறந்தான்' என்று பலரும் பொருள் சொல்கிறார்கள்; அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். பாரசீக 'மாத்'துக்கோ செய்வதறியாது திகைத்து நிற்பது என்று பொருள். ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, போக்கிடமின்றி நிற்கிறார். ஆகவே எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது.

செக் விழுந்தால் ராஜாவைக் காப்பாற்றாமல் வேறு எதையும் செய்ய முடியாது. அதனால் தடுப்பது என்ற பொருள் வந்தது. தடுத்து நிறுத்திச் சரிபார்ப்பது அடுத்த படி. செக்-அப் இந்தக் கிளை.

சட்டைக் கட்டம் சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. அதே கட்டம் கஜானாவுக்கும் பெயர் கொடுத்தது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்கு பார்த்த மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். எண்ணுவதற்கு வைக்கும் வட்ட வில்லைகள் உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயர விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. வலமிருந்து இடமாகப் பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு என்று பத்திகள். ரோமன் எண்களை எழுதிக் கூட்டுவது பெரும்பாடு. வில்லைகளை நகர்த்தினால் படிக்கத் தெரியாதவருக்கும் கணக்கு புரியும். சதுரங்கப் பலகை போலிருந்த அந்தத் துணியால் கஜானா அலுவலகமே 'எக்ஸ்செக்கர்' ஆனது.

பேங்க் செக்கை பத்திரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'சக்'கிலிருந்து வந்ததாகச் சொல்வோர் உண்டு. ஆனால் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் செக் என்றது பணத்தாளை அல்ல, கள்ளத்தாளைக் கண்டுபிடிக்க வைத்திருந்த அடிக்கட்டையை. ஆகவே இதுவும் சரிபார்க்கும் செக்தான். எக்ஸ்செக்கரின் சாயலில் 'க்யூ' எழுத்து பிறகு ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் பேங்க் செக்குக்கும் 'கே'தான். இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதற்கு மட்டும் 'க்யூ' போடுங்கள். மற்ற மூன்றுக்கும் எங்கேயும் 'கே'.