கடற்கரை வீட்டில் ஈஸ்ட் மாவுப் பை: கேட்டவையும் சொன்னவையும்

போன வாரம் மீன் பை (pie, மாவுக்குள் மீன் வைத்துச் சுடுவது) படம் போட்டதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் வீட்டிலேயே எட்டு வருடமாக ஓவன் வைத்து ஆர்டருக்குச் செய்து கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். "பை என்றால் கடைக்குத் தூக்கிப்போகும் பையா?" என்று கேட்ட தம்பிக்கு மட்டும் பதில் கிடையாது.

அக்கா, பை என்றால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் போட்டது பன் மாதிரி இருக்கிறதே? (தங்கச்சிமடம்)

இரண்டு வகையும் உண்டு. வெண்ணெயும் மைதாவும் சேர்த்து நொறுங்கச் செய்வது ஒன்று. ஈஸ்ட் போட்டு மாவைப் பொங்க வைத்து, உள்ளே மீனோ முட்டைக்கோசோ வைத்து மூடிச் சுடுவது இன்னொன்று. இந்த இரண்டாவது ரஷ்ய கிராமத்து வீடுகளில் சாதாரணம். பெரியதை பிரோக் என்பார்கள், கையடக்கமானது பிரோஷ்கி. ரஸ்தெகாய் என்று ஒன்று, நடுவில் மூடாமல் திறந்து விடுவது. அந்தப் பெயருக்கே 'பொத்தான் அவிழ்த்தது' என்பதுபோலப் பொருள். சுட்டபின் அந்தத் திறப்பில் சூடான மீன் சாற்றை ஊற்றிச் சாப்பிடுவார்கள். நமக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கோணமாக மடித்த மாலு பாணைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அதுவும் ஈஸ்ட் மாவுக்குள் மீனும் உருளைக்கிழங்கும்தான்.

அளவு சொல்லுங்கள் அக்கா. (பலர்)

மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 20 கிராம், உப்பு 8 கிராம், பால் 250 மில்லி, முட்டை ஒன்று, எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் 50 கிராம். ஆறேழு பேருக்கு ஒரு பெரிய தட்டு வரும். உள்ளே வைக்க 600 கிராம் பூரணம் போதும். பாலை மொத்தமாக ஊற்றாதீர்கள், இரண்டு கரண்டி நிறுத்தி வையுங்கள். மைதா மூட்டைக்கு மூட்டை குணம் மாறும். பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். ஒரு சிட்டிகை மாவை இழுத்தால் கிழியாமல் மெல்லிய தோல்போல விரிய வேண்டும், அதுவரை.

புத்தகத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தது. அப்படியே வைத்தேன், மாவு புளித்துக் கள் வாசம் அடித்தது, சுட்டதும் அமுங்கிப் போனது. (தேவிபட்டினம்)

எனக்கு வரும் புகாரில் பாதி இதுதான். அந்தப் புத்தகம் இருபது இருபத்திரண்டு டிகிரி சமையலறைக்கு எழுதியது. நம் ஊரில் சித்திரை வெயிலில் அடுக்களை முப்பத்தைந்தைத் தாண்டும். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காற்றையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் விடுகிறது. வெக்கை கூடினால் அதன் வேகமும் கூடும். நீங்கள் முகர்ந்த கள் வாசம் அதுதான். நேரம் கடந்துவிட்டால் மாவின் வலு போய்விடும், பிடித்த காற்றைத் தாங்காது.

மணியைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆகிவிட்டதா, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மே மாதம் நாற்பது நிமிடத்தில் ஆகிவிடும், மார்கழியில் ஒன்றேகால் மணி. வெயில் காலத்தில் பாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் குளிர் ஊர்க்காரர்களுக்கு. கொதிக்கக் கொதிக்க மட்டும் எப்போதும் கூடாது, 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். பூரணம் வைத்து மூடியபின் இன்னொரு முறை பொங்க விட வேண்டும், அது இருபது நிமிடம் போதும். விரலில் மாவைத் தொட்டு மெல்ல அழுத்துங்கள். பள்ளம் நிதானமாக மேலே வந்தால் ஓவனுக்குள் தள்ளலாம். வரவே இல்லை என்றால் பிந்திவிட்டீர்கள்.

ஈஸ்ட் பாக்கெட் பிரித்த பத்தே நாளில் கட்டி தட்டிவிடுகிறது. (பாம்பன்)

கடல் காற்று. கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி ஃபிரீசரில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு கரைத்துப் பாருங்கள் (சோதிக்க மட்டும் வெதுவெதுப்பு). பத்து நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

தண்ணீர் ஊற்றிப் பிசையலாமா? (ஏர்வாடி)

ஊற்றலாம், ஆனால் எந்தத் தண்ணீர்? கரிக்கிற போர் தண்ணீர் என்றால் வேண்டாம். அந்த உப்பும் சேர்ந்து மாவு பொங்கத் தாமதமாகும். காவிரித் தண்ணீர் வந்த நாளில் பிடித்து வைத்தது அல்லது கேன் தண்ணீர்.

உள்ளே என்ன மீன் வைக்கலாம்? என்னுடையது அடியில் களி மாதிரி ஆகிவிட்டது. (கீழக்கரை)

முதல் ஆர்டரில் எனக்கும் அதேதான். ஒரு வீட்டு விசேஷத்துக்கு மூன்று தட்டு. அவசரத்தில் சூடு ஆறாத மசாலாவை மாவில் கொட்டி மூடினேன். மேலே பொன்னிறம், வெட்டினால் அடியில் கஞ்சி. பணம் வாங்கவில்லை.

ஈரம்தான் எதிரி. பூரணம் உலர்ந்திருக்க வேண்டும், முழுசாக ஆறியிருக்க வேண்டும். என் கணக்கில் இதற்கென்றே பிறந்தது சுறாப்புட்டு. வேகவைத்துத் தோலை உரித்து உதிர்த்து, ஈரத்தைப் பிழிந்துவிட்டுத்தானே வதக்குகிறோம். பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாக, கடைசியில் மிளகு. சூரை மீனும் நன்றாக வரும். முண்டு மிளகாயை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குண்டு மிளகாயைத்தான் சொல்கிறேன், வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டால் நிறமும் மணமும் தனி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போது நாட்டுப்படகில் வரும் நெத்திலியோ சாளையோ பாருங்கள். சாளைக்கு முள் எடுக்கப் பொறுமை வேண்டும், எனக்கு அது கிடையாது.

இன்னும் இரண்டு வேலை. அடி மாவின்மேல் ஒரு கை வறுத்த ரவை தூவிவிட்டு அதன்மேல் பூரணத்தைப் பரப்புங்கள், கசியும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மேல் மூடியில் நடுவே விரல் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள், ஆவி போக வழி வேண்டும். ஓவனில் கீழ்த் தட்டில் வைத்து 190 டிகிரியில் 35 நிமிடம். அடியைத் தட்டினால் வெற்றுப் பானைபோல ஒலிக்க வேண்டும்.

ஓவன் இல்லை. குக்கரில் வருமா? (தொண்டி)

வரும். பழைய குக்கராக எடுங்கள், புதியதைக் கெடுத்துக்கொண்டு என்னைத் திட்டக் கூடாது. அடியில் மணல் ஒரு அங்குலம், அதன்மேல் ஸ்டாண்ட். கேஸ்கெட்டும் வெயிட்டும் கழற்றிவிட வேண்டும், இதை மறக்கவே கூடாது. பத்து நிமிடம் காய விட்டு, பை தட்டை இறக்கி, மிதமான தீயில் நாற்பது நிமிடம். மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும். தோசைக்கல்லில் கவிழ்த்து இரண்டு நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். மணலுக்குப் பதில் உப்பு போடச் சொல்வார்கள், நான் போட்டு ஒரு அலுமினியக் குக்கரின் அடி அரித்துப் போனது.

பதநீர் ஊற்றிப் பிசைந்தால் ஈஸ்டே வேண்டாம் என்கிறார்கள், உண்மையா? (சாயல்குடி)

கள்ளுக்கும் பதநீருக்கும் குழப்பம். ஆப்ப மாவைப் பொங்க வைத்தது கள். அதை இறக்கத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே அது புளிக்கக் கூடாது என்றுதான். அதை ஊற்றிவிட்டு மாவு பொங்கக் காத்திருந்தால்? நான் ஈஸ்டும் போட்டு ஒரு தடவை முயன்றேன். இரண்டு மடங்கு நேரம், மாவு மஞ்சளடித்தது. பனை வாசம் வேண்டுமென்றால் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஆற வைத்து, பாலில் பாதிக்கு அதை ஊற்றுங்கள். சர்க்கரை வேண்டாம்.

முட்டை சேர்க்க மாட்டோம். கோதுமை மாவில் செய்யலாமா? (ராமநாதபுரம்)

முட்டைக்குப் பதில் 50 மில்லி பால் கூட்டுங்கள், மேலே தடவவும் பால். கோதுமை பாதிக்குப் பாதி சரி, முழுக்கப் போட்டால் சப்பாத்திக்கும் பன்னுக்கும் நடுவில் எதுவோ வரும்.

வெளியே எடுத்ததும் மேல் ஓடு பலகைபோல இருக்கிறது. (மூக்கையூர்)

சூட்டோடு வெண்ணெய் தடவி, சுத்தமான பருத்தித் துணியால் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். தானாக இளகும்.

தம்பி துபாய் போகிறான். மீன் பை கொடுத்து அனுப்பலாமா? (பெரியபட்டினம்)

மீன் வேண்டாம் தாயி. நம் வெக்கையில் வெளியே ஒரு மணி நேரம்தான் அதற்குக் கணக்கு, அதற்குமேல் ஃபிரிட்ஜ். கருப்பட்டியும் தேங்காயும் வைத்துச் செய்யுங்கள். கொழுக்கட்டைப் பூரணத்தைவிட ஒரு சுற்று இறுக்கமாகக் கிளறி, ஒரு கரண்டி வறுத்த அரிசி மாவு சேர்த்தால் சூட்டில் உருகி வழியாது. முதல் நாள் இரவே சுட்டு, விடிய விடிய ஆற விட்டு, அப்புறம் கட்டுங்கள். ஆறாமல் கட்டினால் மதுரை போய்ச் சேருமுன்பே பொட்டலத்துக்குள் வியர்த்து ஊறிவிடும்.