மெடிகேப் எப்போது எடுப்பது? வாசகர் கேள்வி–பதில்

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயது ஆனவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அதில் பார்ட் ஏ மருத்துவமனைச் செலவுக்கு, பார்ட் பி டாக்டர் செலவுக்கு. மெடிகேர் தராத பாக்கிக்காகத் தனியார் கம்பெனிகளிடம் வாங்கும் பாலிசிதான் மெடிகேப்.

கேள்வி: வயது 66. ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம். ஆபீஸ் இன்சூரன்ஸ் இருப்பதால் மெடிகேரில் பார்ட் பி இன்னும் எடுக்கவில்லை. ஜூன் 30-இல் ஓய்வு பெறுகிறேன். மெடிகேப் பாலிசியை அக்டோபரில் வரும் ஓப்பன் என்ரோல்மென்ட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சரிதானா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நண்பர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை உள்ள காலம் அட்வான்டேஜ் திட்டங்களுக்கும் (மெடிகேர் பலன்களைத் தனியார் கம்பெனி வழியாகத் தருபவை) மருந்துக்கான பார்ட் டி-க்கும் உரியது. மெடிகேப்புக்குத் தனிக் கணக்கு. 65 வயது முடிந்து, பார்ட் பி எந்த மாதம் 1-ஆம் தேதி அமலுக்கு வருகிறதோ, அன்றிலிருந்து ஆறு மாதம். அதற்குள் விண்ணப்பித்தால் சர்க்கரை, இதய நோய் என்று எதைக் காட்டியும் கம்பெனி மறுக்க முடியாது, பிரீமியத்தையும் ஏற்ற முடியாது. ஆறு மாதம் போனால் போனதுதான். பெரும்பாலான மாநிலங்களில் மறுபடி கிடைக்காது.

உங்களுக்கு ஜூலை 1-இல் பார்ட் பி தொடங்கினால் டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. அக்டோபரில் வாங்கினாலும் கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் அதுவரை டாக்டர் பில்லில் மெடிகேர் தராத 20 சதவீதம் உங்கள் பையிலிருந்து போகும், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. ஆகவே ஜூலை 1-இலேயே மெடிகேப்பும் தொடங்கட்டும்.

முதல் வேலை, பார்ட் பி கேட்பதற்கான சி.எம்.எஸ் 40-பி, எல்-564 என்ற இரண்டு படிவங்கள். இரண்டாவதன் ஒரு பகுதியை உங்கள் ஹெச்.ஆர். நிரப்ப வேண்டும். 65 வயதிலிருந்து ஆபீஸ் இன்சூரன்ஸ் தொடர்ந்து இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. தேதியோ கையெழுத்தோ விட்டுப்போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும், வாங்கும்போதே சரிபாருங்கள். ஏப்ரல் முதல் ஜூனுக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுத்து, தொடக்கத் தேதி ஜூலை 1 என்று எழுதுங்கள். மெடிகேர் எண் வந்ததும் மெடிகேப்புக்கு விண்ணப்பியுங்கள். மெடிகேப்பில் மருந்து கிடையாது. பார்ட் டி-யைத் தனியாக எடுக்க வேண்டும். மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாள் ஓடிவிட்டால் அபராதம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

இரண்டு பள்ளங்கள் உண்டு. கோப்ரா (வேலை விட்ட பிறகும் ஆபீஸ் இன்சூரன்ஸைச் சொந்தக் காசில் தொடரும் வசதி) இருக்கிறதே என்று பார்ட் பி-யைத் தள்ளிப்போடாதீர்கள்; அது வேலையில் இருப்பவரின் காப்பீடாகக் கணக்கில் வராது. பார்ட் பி எடுக்க உள்ள எட்டு மாத அவகாசம் வேலை முடிந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இன்னொன்று ஹெச்.எஸ்.ஏ., அதாவது மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு. பார்ட் ஏ-வை இப்போதுதான் கேட்கிறீர்கள் என்றால் அது ஆறு மாதம் பின்தேதியிட்டு அமலாகும். மெடிகேர் உள்ளவர் ஹெச்.எஸ்.ஏ.-யில் பணம் போடக் கூடாது என்பதால், விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆபீஸில் இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

கேள்வி: மெடிகேப்பில் பிளான் ஜி (G) எடுப்பதா, பிளான் என் (N) எடுப்பதா? ஒவ்வொரு குளிர்காலமும் மூன்று மாதம் திருச்சியில் இருப்போம்.
– ஒரு வாசகி, பிட்ஸ்பர்க்

பதில்: எழுத்து ஒன்றென்றால் சலுகையும் ஒன்றே. எந்தக் கம்பெனியின் ஜி-யும் அதே ஜி-தான் (மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் தவிர). ஆகவே விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஜி-யில் பார்ட் பி-யின் ஆண்டு டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) மட்டும் உங்கள் பொறுப்பு. 2026-இல் அது 283 டாலர். என்-இல் அதோடு டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்கு 50 டாலர் வரை கோபே (ஒவ்வொரு தடவையும் நீங்கள் கட்டும் தொகை) உண்டு. மெடிகேர் விலைக்கு மேல் டாக்டர் 15 சதவீதம் வரை கேட்டால் பிளான் என் அதைத் தராது. பென்சில்வேனியாவில் அப்படிக் கேட்கவே அனுமதியில்லை என்பதால் உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். பிரீமிய வித்தியாசம் நன்றாக இருந்தால் பிளான் என் தாராளமாகப் போதும்.

ஏஜென்ட்டிடம் ஒன்று கேளுங்கள்: பிரீமியம் வயதுக்கு வயது ஏறுமா, எல்லா வயதுக்கும் ஒன்றா? முதல் வகை இன்று மலிவாகத் தெரியும், 80 வயதில் சுடும்.

திருச்சி விஷயம்: மெடிகேர் அங்கே பைசா தராது. ஜி, என் இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சை உண்டு. 250 டாலர் கழித்து 80 சதவீதம், ஆயுளுக்கு 50,000 டாலர். ஆனால் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கும் சிகிச்சைக்கு மட்டுமே. உங்கள் மூன்றாவது மாதம் வெறுங்கை. அதற்குத் தனிக் காப்பீடு பாருங்கள். மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் ஆங்கிலத்தில் முத்திரையோடு வாங்கி வாருங்கள்.

கேள்வி: பெற்றோருக்கு வயது 70. கிரீன் கார்டில் வந்து மூன்று வருடம். மெடிகேப் வாங்க முடியுமா? நான் 20 வருடமாக மெடிகேர் வரி கட்டுகிறேன்.
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: இப்போது முடியாது. மெடிகேர் இல்லாமல் மெடிகேப் இல்லை. அவர்கள் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்தால்தான் மெடிகேர். ஊரில் மாதக்கணக்கில் தங்கினால் அந்தத் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகும். உங்கள் வரி உங்களுக்கும் மனைவிக்கும்தான் கணக்கு, பெற்றோருக்கு உதவாது. பார்ட் ஏ-வை அவர்கள் விலை கொடுத்தே வாங்க வேண்டும்: 2026-இல் ஆளுக்கு மாதம் 565 டாலர், பார்ட் பி-க்கு 202.90. 72 வயதில் பார்ட் பி தொடங்கினாலும் அந்த ஆறு மாதச் சலுகை அவர்களுக்கும் முழுதாக உண்டு, வயதைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. அதுவரை மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் காப்பீடு வாங்கலாம். அதற்கு ஐந்து வருடக் காத்திருப்பு இல்லை.

கேள்வி: இரண்டு வருடமாக அட்வான்டேஜ் திட்டம். ஸ்டென்ட் வைத்தாயிற்று. மெடிகேப்புக்கு மாற ஆசை.
– ஒரு வாசகர், அட்லான்டா

பதில்: 65 வயதில் முதன்முதலாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு 12 மாதத்துக்குள் மெடிகேருக்குத் திரும்பி மெடிகேப் எடுக்க உரிமை உண்டு, உங்களுக்கு அது கடந்துவிட்டது. இனி கம்பெனி உடல்நிலையைக் கேட்கும், மறுக்கவும் செய்யலாம். மெடிகேப் ஒப்புதல் கையில் வரும்வரை அட்வான்டேஜை விடாதீர்கள். வரிசை மாறினால் வெறும் மெடிகேரோடு நிற்பீர்கள். நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் ஆண்டு முழுவதும் கேள்வி கேட்காமல் தருகிறார்கள். ஜார்ஜியாவில் அந்தச் சட்டம் இல்லை. உங்கள் திட்டம் கவுன்டியை விட்டே விலகினாலோ, நீங்கள் அதன் எல்லைக்கு வெளியே வீடு மாறினாலோ, காப்பீடு முடிந்த நாளிலிருந்து 63 நாளுக்கு உரிமை பிறக்கும். அப்போது கம்பெனி அனுப்பும் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், மெடிகேப் விண்ணப்பத்தோடு அதைத்தான் இணைக்க வேண்டும்.