ஒயின் சுவைக்கும் ஒருநாள் பயணம்: செலவு எங்கே கூடுகிறது?

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் நான்கு பேர் வரும் ஜூலை மாதம் மதுரையிலிருந்து கொழும்பு வழியாக மெல்பர்ன் செல்கிறோம். அருகிலுள்ள யாரா பள்ளத்தாக்கில் ஒருநாள் முழுவதும் ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துச் சுவைக்கலாம் என்று திட்டம். சுற்றுலா நிறுவனம் ஒன்று நான்கு ஆலைகள், தோட்டத்துக்குள் நடை, மதிய உணவு என எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை கேட்கிறது. வாடகைக் கார் எடுத்தால் பாதிப் பணத்தில் முடிந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். எது நல்லது? ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?
- திருநகர் வாசகர்

பதில்: நால்வருமே சுவைக்கப் போகிறீர்கள் என்றால் வாடகைக் கார் வேண்டாம். சுவைப்பதற்கு ஊற்றித் தருவது வகைக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆலையில் ஆறு வகை வீதம் நான்கு ஆலைகளில் சுவைத்தால் 720 மில்லி ஆகிறது. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான். சிறு சிறு அளவாகவும் பேச்சுக்கு நடுவிலும் உள்ளே போவதால் குடித்ததன் மொத்தம் எவ்வளவு என்பது யாருக்கும் மனத்தில் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது சாதாரண ஓட்டுநருக்கான வரம்பு. நம் நாட்டில் அது 30 மில்லிகிராம். அங்கே வரம்பு கூடுதல் என்று இதைக் கொண்டு தெம்படைய வேண்டாம். சாலையில் எந்த இடத்திலும் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்வது, மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலக் காவல்துறையின் வழக்கம். வரம்பை மீறி ஓட்டியவருக்குக் காப்பீடு கிடையாது என்ற விதியும் வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும்.

உங்களில் ஒருவருக்காவது குடிப்பழக்கம் இல்லை என்றால் என் பதில் மாறும். அப்போது காரே சிறந்தது. மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாப் பயணியாக அங்கே ஓட்ட முடியும். ஆயினும் கார் நிறுவனம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்கலாம் என்பதால், புறப்படுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை வாங்கிவிடுங்கள். மூன்றாவது வழியும் உண்டு: லில்லிடேல் வரை புறநகர் ரயிலில் சென்று, அங்கிருந்து ஓட்டுநருடன் வண்டியை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். சுவைத்ததை விழுங்காமல் துப்புவதற்கென்று மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவதை அங்கே யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாள் முழுவதும் சுவைப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதை நம்பி வண்டி ஓட்டக் கூடாது.

சுற்றுலா நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஆலைக்கு நேரே போகிறவரிடம் வாங்கும் சுவைக் கட்டணத்தை, அவர் பாட்டில் வாங்கினால் விலையில் கழித்துக்கொள்வது பல ஆலைகளில் வழக்கம். மொத்தத் தொகையில் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிய உங்களுக்கு அந்தக் கழிவு உண்டா, இல்லையா? இதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

“தோட்டத்துக்குள் நடை” என்பதற்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் காய்க்கிறது என்பதால், எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்கும் என்ற எண்ணம் நம் பக்கத்தாருக்கு இயல்பாகவே உண்டு. யாராவில் அறுவடை ஒரே ஒரு முறைதான், அதுவும் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். இலை உதிர்ந்து, கவாத்துச் செய்யப்பட்ட கொடிகள் கம்பிகளில் வரிசையாக வெறுமையாக நிற்கும். சுவைக்கும் அறைகள் வழக்கம்போல் திறந்திருக்கும் என்பதால் பயணத்தின் நோக்கம் கெடாது. வேர்களை அழிக்கும் ஃபிலோக்சரா என்னும் பூச்சி 2006-இல் இந்தப் பள்ளத்தாக்கில் கண்டறியப்பட்டது. அது செருப்பில் ஒட்டும் மண்ணோடு பரவக்கூடியது. எனவே கம்பத்தில் பந்தலுக்குள் புகுந்து படம் எடுப்பதுபோல அனுமதி இல்லாமல் கொடிகளுக்கு இடையே நுழைய வேண்டாம். 1838-இல் இந்தப் பள்ளத்தாக்கின் யெரிங் என்னும் இடத்தில் முதல் கொடிகள் நடப்பட்ட காலம் முதல் வளர்ந்துவந்த தொழிலுக்கு அந்தப் பூச்சியால் வரும் இழப்பு பெரியது.

இனி பாட்டில்களைப் பார்ப்போம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு சேர்ந்தால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது பாட்டிலோடு அது 2.25 லிட்டராகி வரம்பைத் தாண்டிவிடும். விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையில் ஒரு லிட்டர் விஸ்கி வாங்கினால் அதுவும் இந்த 2 லிட்டரில்தான் அடங்கும். அப்போது ஒயினுக்கு ஒரே பாட்டில்தான் இடம். உங்கள் பங்கில் மிஞ்சுவதை நண்பர் கணக்கில் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். சலுகை ஆளுக்கு ஆள் தனி. கூடுதலாக இருந்தால் மதுரையில் இறங்கியதும், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று நீங்களே சொல்லி வரி கட்டிவிடுங்கள்.

ஆலையில் வாங்கிய பாட்டிலைக் கைப்பையில் வைக்க முடியாது. பன்னாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்துக்குப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதி இல்லை. செக்-இன் பெட்டியில், தடித்த துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள்.

வரியைத் திரும்பப் பெறலாம் என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மைதான். ஒயினுக்கு ஜி.எஸ்.டி.யோடு, அங்கே ஒயினுக்கென்றே விதிக்கும் ஒயின் சமநிலை வரியும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரே விற்பனையாளரிடம் 300 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல், புறப்படுவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் வாங்கியிருக்க வேண்டும். பாட்டிலைப் பெட்டியில் அனுப்புவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே விமான நிலையத்தில் ஆஸ்திரேலிய எல்லைப் படை (சுங்க) அதிகாரியிடம் அதைக் காட்டியாக வேண்டும். சாதாரணமாக இரண்டு பாட்டில் 300 டாலரை எட்டாது. திரும்பி வரும் தொகைக்கு ஆசைப்பட்டுக் கூடுதலாக வாங்கினால், இங்கே சுங்கத்தில் அதைவிட அதிகமாகக் கட்ட நேரும். ஆகவே ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அட்டையில் செலுத்தும்போது “ரூபாயிலா, டாலரிலா” என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றித் தரும் அந்த வசதிக்கு மாற்று விகிதத்தில் தனியாக ஒரு லாபம் ஏற்றியிருப்பார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். திராட்சையிலிருந்து வரும் ஒயினில் அசைவம் ஏதும் இருக்குமா?
- சின்னமனூர் வாசகர்

பதில்: சில ஒயின்களில் தயாரிப்பின்போது சேர்கிறது. கலங்கலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம் ஆகியவற்றில் ஒன்றைக் கலப்பதுண்டு. பெந்தோனைட் என்னும் களிமண்ணை மட்டும் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள். கலந்தது அடியில் படிந்து பெரும்பாலும் நீங்கிவிடும் என்றாலும், சைவத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவருக்கு அது சமாதானம் ஆகாது. முட்டையும் பாலும் ஒவ்வாமைக்குரியவை என்பதால் ஆஸ்திரேலிய லேபிளில் அவற்றைக் குறிப்பிடுவார்கள். மீன் பொருளைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே லேபிளைப் படித்தால் மட்டும் போதாது. “வீகன்” (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று அச்சிட்ட பாட்டிலைக் கேளுங்கள். ஒயினோடு தட்டில் வரும் சீஸிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலைத் திரள வைக்கும் ரென்னட் இருக்கக்கூடும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே இரண்டையும் சொல்லிவிட்டால், தாவர ரென்னட் சீஸ் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.