மாவுக்கு மங்கி குல்லா

கேள்வி: கிரைண்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின், செல்போன்னு எல்லாமே வந்தாச்சு, நேரமும் நிறைய மிச்சமாகுது. ஆனா குடும்பத்துல சந்தோஷம் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? (ஒரு வாசகி, கோத்தகிரி)

பதில்: சந்தோஷத்தை விடுங்க, நடுவுல 'மிச்சம்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, நான் அதுலயே வழுக்கி விழுந்துட்டேன். எங்க வீட்ல மிச்சம்னா நேத்து வெச்ச சாம்பார். அதை யாரு சாப்பிடுவாங்க? அம்மாதான். நேரம் மிச்சமானாலும் அது அவங்க தலையிலதான் விடிஞ்சுது. ஆட்டுக்கல் இருந்தவரைக்கும் இட்லிங்கறது தீபாவளி, பொங்கல், அப்புறம் மாமா ஊர்ல இருந்து வந்தா. கிரைண்டர் வந்துச்சு, ஆட்டுற வேலை மிச்சம்தான், ஆனா வாரத்துல நாலு நாள் இட்லி தோசைன்னு ஆயிடுச்சு, அதுல ரெண்டு சட்னி வேற கேட்டோம், வெக்கமே இல்லாம.

கிரைண்டர்னு சொன்னதும் நம்ம நீலகிரி மலையில ஓடுற பைக்காரா ஆத்தை இழுக்கப்போறேன்னு உதவி ஆசிரியர் இப்பவே தலையில கை வெச்சுட்டார். இழுக்காம எப்படி? 1932ல பைக்காராவுல எடுத்த கரண்ட்டு மலை இறங்கி கோயமுத்தூர் போய் மில்லை ஓட்டுச்சு, மில்லுக்குப் பின்னாடியே பவுண்டரி, மோட்டார், பம்ப்செட்டுன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு, கடைசில அந்த ஊர்க்காரங்க கிரைண்டர் செஞ்சு நமக்கே மேல ஏத்தி வித்துட்டு அதுக்கு புவிசார் குறியீடும் வாங்கிட்டாங்க. தண்ணி நம்முது சாமி, ஒரு தள்ளுபடியாச்சும் குடுத்திருக்கலாம்ல.

சரி, ஆட்டியாச்சு. குன்னூர் டிசம்பர்ல மாவு புளிக்கணுமே? கீழ ராத்திரி கரைச்சு வெச்சா காலைல பொங்கி நிக்கும், இங்க மறுநாள் சாயங்காலமும் வெச்சது வெச்சபடி நம்மளை முறைச்சு பாக்கும். (கொடைக்கானல் வாசகர்கள் 'எங்க ஊர் குளிர் தெரியுமா'ன்னு மறுபடி லெட்டர் போடவேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடை 2,133, வழக்கு முடிஞ்சுது. குன்னூர் ரெண்டுக்கும் கீழன்னு எனக்கே தெரியும்.) அம்மா மாவுப் போசியை விறகடுப்பு ஓரத்துல வெச்சு, சாக்கு சுத்தி, மேல கம்பளி போடுவாங்க. ஒருநாள் அப்பா வேலைக்குக் கிளம்புறார், மங்கி குல்லாவைக் காணோம், வீடே ரெண்டாகுது. பாத்தா போசி மாட்டிட்டு உக்காந்திருக்கு, காது வரைக்கும் இழுத்துவிட்டு. அம்மா அசரல. "நீங்க வெறுந்தலையா போனா உங்களுக்குத்தான் சளி, அது வெறுந்தலையா இருந்தா நாளைக்கு எல்லாருக்கும் பட்டினி."

இப்ப என் வீட்ல மாவு உக்கார்ற இடம் வைஃபை மோடம். ராத்திரி பகல் இதமா ஒரு சூடு, அதுக்கு மேல போசி. மருமகள் கண்டுபிடிப்பு. நீங்க கேட்ட நவீன டெக்னாலஜி எங்க குடும்பத்துக்கு உருப்படியா செஞ்சது எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். போன மாசம் மாவு பொங்கி வழிஞ்சு மோடத்துக்குள்ள இறங்கிடுச்சு, அஞ்சு நாள் நெட் இல்ல. உடனே குடும்பமே ஒண்ணா உக்காந்து மனசுவிட்டு பேசுச்சுன்னு எழுதுவேன்னுதான பாக்குறீங்க? அதெல்லாம் இல்லீங்க. போசில கழுத்து வரைக்கும் மாவை ஊத்தினது யாருன்னு அஞ்சு நாளும் சண்டை. ஊத்தினது நான், இங்க மட்டும்தான் ஒத்துக்கறேன், எங்க வீட்ல யாரும் இந்தப் பத்திரிகை படிக்கறதில்ல.

ரிப்பேருக்கு வந்த தம்பி மோடத்தைத் திறந்து மோந்து பாத்துட்டு, "உளுந்து கொஞ்சம் தூக்கலா போயிடுச்சு சார்"னான். புது மோடம் மாட்டியாச்சு. இது நட்டமா நிக்குற மாடல், மேல ஒரு டம்ளர்கூட வெக்க முடியாது. நேத்துல இருந்து என் மஃப்ளரைக் காணோம்.