சில பணக்காரர்கள் ராணுவத்துக்குப் போகிறார்கள், சிலர் தவிர்க்கிறார்கள். ஏன்?

போரைத் தவிர்க்க ஒரு காலத்தில் மாற்றாளை அனுப்ப முடிந்தது. மாற்றாள் என்றால், பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்குப் பதிலாகப் போருக்குப் போகிறவர். வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-இல் வந்த கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. 300 டாலர் கட்டியும் விலகிக்கொள்ளலாம்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் அப்பா நியூயார்க்கில் பெரிய பணக்காரர். தன் சார்பில் மாற்றாளை அனுப்பினார். மனைவி தெற்கே ஜார்ஜியாவைச் சேர்ந்தவர்; அவருடைய சகோதரர்கள் எதிரணியில் இருந்தார்கள். மைத்துனர்களுக்கு எதிராக எப்படித் துப்பாக்கி தூக்குவது? ஆனால் மகன் தியோடர் 1898-இல் கடற்படைத் துறையில் இருந்த உயர்பதவியை உதறிவிட்டு, கியூபாவுக்குச் சண்டைக்குப் போனார். பேரன் இரண்டாம் உலகப் போரில், 1944-இல், 56 வயதில், கைத்தடி ஊன்றிக்கொண்டு பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கினார். குடும்பம் ஒன்றுதான், வசதிக்கும் குறைவில்லை.

பணம் தருவது போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பை மட்டும்தான். முடிவைச் சொல்வது உறவு, மானம், பேர் எடுக்கும் ஆசை. ஏரி தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஊர் சொன்னால், ஒரு வசதியானவர் கூலிக்கு ஆள் அனுப்புவார். இன்னொருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மண்வெட்டியோடு இறங்குவார், இல்லையா?

அப்புறம், மாற்றாள் அனுப்பியவர்கள் லஞ்சம் கொடுத்துத் தப்பியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அன்றைய சட்டமே திறந்துவைத்த வழி.