கதவைச் சாத்தியது யார்?

கேள்வி: லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவலை யூடியூபில் பார்த்தேன். கரீபியர்கள் பிரிட்டனில் குடியேறி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. இன்னும் தனிக் கூட்டமாகவே ஆடிப் பாடுகிறார்களே, போன ஊரோடு ஒட்டவே மாட்டார்களா?
- வாசகர், கரூர்

பதில்: ஒட்டத்தான் போனார்கள். 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் டில்பரி துறைமுகம் வந்தவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த மக்கள் வாடகைக்கு அறை கேட்டுப் போனால், கறுப்பர்களுக்கு இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார்கள்.

வங்கிக் கடனும் லேசில் கிடைக்கவில்லை. சரி, என்ன செய்தார்கள்? சீட்டுப் போட்டார்கள். ஏறக்குறைய நம்மூர் சீட்டேதான். ஜமைக்காக்காரர்கள் 'பார்ட்னர்' என்பார்கள், டிரினிடாட்காரர்கள் 'சூசூ' என்பார்கள். வாராவாரம் ஆளுக்கு ஒரே தொகை. சேர்ந்த பணம் மொத்தமும் முறைவைத்து ஒருவர் கைக்குப் போகும். சீட்டுப் பிடிப்பவர்மேல் உள்ள நம்பிக்கைதான் பத்திரம். பல குடும்பங்கள் முதல் வீட்டுக்கு முன்பணம் கட்டியது இந்தப் பணத்தில்தான். அப்புறம், ஊரிலிருந்து புதிதாக வருகிறவருக்கு அதே வீட்டில் ஓர் அறை. நீங்கள் சொல்கிற தனிக் கூட்டம் இப்படித்தான் உருவானது.

இனி கார்னிவலுக்கு வருகிறேன். 1958 கோடையின் கடைசியில் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர்கள் கும்பல் கும்பலாகக் கறுப்பர்களைத் தாக்கினார்கள், வீடுகளின் மேல் கல்லெறிந்தார்கள். டிரினிடாட்டில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ், 1959 ஜனவரி 30 அன்று, தெருவில் ஆட முடியாத குளிரில், செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கரீபியக் கார்னிவல் நடத்திக் காட்டினார். அந்த விழா மலரின் விற்பனையில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அபராதம் கட்ட வேண்டிய இளைஞர்களுக்குப் போகும் என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார்கள். கறுப்பு இளைஞர்களுக்கும், வெள்ளை இளைஞர்களுக்கும்! அடிபட்டவர்கள் செய்த காரியம் இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு நெகிழ்ந்துவிடும்.

1966இல் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் அதே பகுதியில் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா நடத்தினார். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த பல நாட்டாரையும் கூப்பிட்டார். ரஸல் ஹெண்டர்சன் குழுவினர், எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த ஸ்டீல் பான் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்தை விட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். நீங்கள் பார்த்த கூட்டத்தில் கறுப்பர்கள் மட்டுமா இருந்தார்கள்? அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.